பெண் பார்க்கப் போய்க் கண் காட்டி வந்தேன்

பம்பாய்க்குப் போய் வந்தவன் எவனும் சும்மா இருப்பதில்லை. எங்கள் கோவில்பட்டியில் அவன் மூன்று மாதத்துக்குக் கூலிங்கிளாஸ் போட்டுத் திரிவான். எனக்குக் கூலிங்கிளாஸ் ஆகாது, அதனால் எழுதுகிறேன். சோடா கம்பெனியில் கோலி சோடா அடைக்கிறவன் நான். மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன். எழுத்து பெரிது பெரிதாகத்தான் இருக்கும். அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் என் மாமா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் தங்கம், செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுபிடி வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு டாக்டரம்மா, குடும்பம் குடும்பமாக வருகிற கண் நோயை ஆராய்கிறாராம். என் அப்பாவுக்கு நாற்பது வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டதைத் தங்கம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து யாராவது வந்து வம்சத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று கடிதம் வந்தது. அப்பாவால் அவ்வளவு தூரம் முடியாது. "நீ போலே. அப்படியே தங்கத்துக்கும் உனக்கும் தேதியைக் குறிச்சிட்டு வா" என்றாள் அம்மா.

தங்கம் பிறந்த அன்றைக்கே எனக்கென்று பேசி முடித்த பெண். கடைசியாக அவளைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடமும் ஒவ்வொரு பாட்டிலில் கோலியை ஏற்றும்போதும் அவளை நினைத்தேன். சில பாட்டில்கள் வெடித்ததற்கு அதுதான் காரணம், முதலாளி நினைத்ததுபோல காஸ் அதிகமானதல்ல.

கருப்பட்டியும் கடலைமிட்டாயும் கருவாடும் சாக்கில் இருந்தன. சாக்கில் கட்டாமல் இன்னொன்றும் கொண்டுபோனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கும் கண் தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது. தூணில் முட்டுவேன், படுத்திருக்கிற மாட்டின் மேல் விழுவேன். விழுந்த வேகத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து சலாம் வைப்பேன். "சுப்பையா இருக்கும்போது சினிமா எதுக்குவே" என்று ஊரே சிரிக்கும். விழுந்து விழுந்து சம்பாதித்த பெயர் அது. குருட்டு மாப்பிள்ளை என்ற பெயரைவிடக் கோமாளி மாப்பிள்ளை என்ற பெயர் தேவலை என்று வைத்திருந்தேன்.

தாதரில் மாமா வந்து நின்றார். "வாங்க மாப்ள" என்று சாக்கைப் பிடுங்கித் தோளில் போட்டார். லோக்கல் வண்டி வந்தது. நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். மாமா சாக்கோடு பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். எங்கள் ஊர் பஸ்ஸில், ஒருவர் ஓடி வருவது தெரிந்தால் டிரைவர் இறங்கிப் பீடி பற்ற வைப்பார். இங்கே வண்டி நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சயானில் இறங்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். சயான் வந்தது, போனது. நான் இரண்டு வயிறுகளுக்கு நடுவே இருந்தேன்.

ஒரு வயிற்றுக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த மதுரைக்காரர் அதைத் தமிழாக்கினார்: "சயான்ல இறங்கணும்னா, தாதர்லயே சாமியை வேண்டிக்கிட்டுக் கதவுகிட்ட நிக்கணுமாம்."

குர்லாவில் கூட்டம் என்னைத் துப்பியது. அரைமணி நேரம் கழித்து அடுத்த வண்டியில் மாமா வந்தார். "கருவாட்டுச் சாக்கு இருந்துச்சு மாப்ள, எல்லாரும் வழிவிட்டுட்டான்" என்றார்.

தாராவி வீடு கடைக்கு மேலே ஓர் அறை. ஏணியில் ஏற வேண்டும். நல்ல வேளை, பகல். அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தங்கம் வேலை முடிந்து வந்தபோது நான் மூன்றாவது தட்டில் இருந்தேன்.

"அரே, அத்தான்! அப்பமே ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

ஆறு வருடம் யோசித்து வைத்திருந்த முதல் வார்த்தைகள் எல்லாம் முள்ளோடு தொண்டையில் நின்றுவிட்டன. "குழம்புல உப்பு சரியா இருக்கு" என்றேன். தங்கம் சிரித்தாள். வளர்ந்திருந்தாள். பல்புக்கு நேர் கீழே தெரிந்த முகம் அதேதான். இடது புருவத்துக்கு மேலே சின்ன வயதில் நான் கோலி எறிந்து ஏற்படுத்திய தழும்பு அப்படியே இருந்தது. என்னுடைய ஒரே கையெழுத்து.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்குப் பின்னால் ஒரு பாய், சேவலும் கோழியுமாகத் திரியவிட்டு வளர்க்கிறார். அவரிடம் இரண்டு டஜன் முட்டை வாங்கி, தவிட்டுக் கூடையில் வைத்துத் தங்கம் சாயங்காலம் செம்பூர் புறப்பட்டாள். ஆராய்ச்சிக்கு முட்டைதானாம். அடைகாக்கிற மின்சாரப் பெட்டியில் குறித்த மணிக்கு வைத்தால்தான் குஞ்சின் வயதை மணிக்கணக்கில் சொல்ல முடியுமாம்.

"நானும் வாரேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கூடையைக் கொடு. ஆம்பிளை இருக்கும்போது நீ எதுக்குச் சுமக்கணும்?" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

குர்லாவில் வண்டி மாற வேண்டும். மாற ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். மார்கழி மாதம், ஆறு மணிக்கே வெளிச்சம் சாயம் போய்விட்டது. ஏறுகிற படிகளைக் காலால் எண்ணிச் சமாளித்தேன். இறங்குகிற படி எங்கே தொடங்குகிறது என்று பாலம் எனக்குச் சொல்லவில்லை.

கூடை முதலில் போனது. பின்னாலேயே நான். பழக்க தோஷம், அடியில் போய்ச் சேர்ந்ததும் ஒரு குட்டிக்கரணம், ஒரு சலாம். தலையெல்லாம் மஞ்சள் கரு. பாலமே சிரித்தது. ஒரு மீன்காரி மராத்தியில் கத்தினாள். அவள் சொன்னதைத் தங்கம் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "இந்த மதராசி சர்க்கஸ்லேருந்து ஓடி வந்தவன், யாராச்சும் பிடிச்சுக் கொடுங்க!" நான் இரண்டாவது சலாம் வைத்தேன்.

சிரிப்புச் சத்தத்தில் தங்கத்தின் சிரிப்பு மட்டும் இல்லை. அவள் கீழே உட்கார்ந்து தவிட்டைத் துழாவுகிற சத்தம் கேட்டது. இருபத்துநான்கில் நான்கு முழுசாக இருந்தன. எழுந்தாள்.

"எத்தனை வருஷமா அத்தான்?"

"எது?"

"இந்த சர்க்கஸ்."

"செருப்பு வழுக்கிட்டு."

"செருப்பா? ம். கையைப் பிடிச்சுக்கோங்க. செருப்பு மறுபடி வழுக்கும்."

ஆறு வருடமாக அந்தக் கையைப் பிடிக்கக் காத்திருந்தேன். சந்தையில் மாட்டை ஓட்டிப்போவதுபோல என்னை இழுத்துப்போனாள். இருந்தாலும் பிடித்தது பிடித்ததுதானே. செம்பூர் இன்னும் நாலு ஸ்டேஷன் தள்ளி இருக்கக்கூடாதா என்றிருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மா அன்று இல்லை. தங்கம் நான்கு முட்டையையும் பெட்டியில் வைத்துவிட்டு, நாலு நாள் முந்தி வைத்த ஒன்றை எடுத்து பல்புக்கு முன்னால் பிடித்தாள். முட்டைக்குள் சிவப்பாக நரம்புகள் சிலந்தி வலைபோல ஓடின. நடுவே மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"அதுதான் கண்ணு" என்றாள். "இறக்கை, அலகு எதுவும் வரதுக்கு முன்னாடியே கண்ணு வந்து உட்கார்ந்துக்கும். உடம்பைவிடக் கண்ணுதான் பெருசா இருக்கும்."

அந்தப் புள்ளி லேசாக ஆடியது. ஓட்டுக்குள் இருக்கிற இருட்டில் இதற்குக் கண் எதற்கு என்று நினைத்தேன். அவள் விரல்களுக்கு நடுவே வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் டாக்டரம்மா வீட்டுக்கு மாமா, தங்கம், நான் மூவரும் போனோம். மாட்டுங்காவில் இறங்கியதும் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையும் மல்லிகைப்பூவும் சேர்ந்து வந்தன. பம்பாய் நடுவே யாரோ கும்பகோணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. இட்லி எங்கள் ஊர் இட்லியைவிட வெள்ளை. காப்பியைப் பற்றி நான் பேசமாட்டேன். சோடாக்காரனுக்கு அது துரோகம்.

டாக்டர் வைதேகிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "உட்காருங்கோ. முதல்லயே சொல்லிடறேன். நான் மருந்து கொடுக்கற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி பண்ணற டாக்டர். என்னால எதையும் குணப்படுத்த முடியாது" என்றார்.

மாமா முகம் வாடியது. "பிறகு எதுக்கும்மா டாக்டர்னு..."

"அதைத்தான் எங்க அண்ணாவும் கேக்கறான்" என்று உள்ளே காட்டினார். ஜன்னலோரம் அவர் அண்ணன் வானொலியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவராம். ஆட்காட்டி விரலைத் தம்ளர் விளிம்புக்குள் விட்டுக்கொண்டு காப்பியைத் தானே ஊற்றினார். விரலில் சூடு பட்டதும் நிறுத்தினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "எங்காத்திலயும் உங்காத்துக் கதைதான். எங்கம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா பொண்ணு" என்றார் டாக்டரம்மா.

பெரிய தாளை விரித்து வம்சம் கேட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பார்வை போனவருக்கு உள்ளே கறுப்பு. நான் சொல்லச் சொல்ல அவர் மைப்பேனா தடுமாறியது. மாமா என் அம்மாவின் தம்பி. அவர் மனைவி என் அப்பாவின் தங்கை. அம்மாவே அப்பாவுக்கு அத்தை மகள். மற்றவர்கள் வீட்டு மரம் கிளைவிட்டுப் போகும். எங்கள் மரம் அவரைக்கொடி மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டது.

"சொந்தத்துல கல்யாணம்னா நாங்க ரெட்டைக் கோடு போடுவோம்" என்றார் டாக்டரம்மா. தாள் முழுக்க ரெட்டைக் கோடு. ரயில்வே ஜங்ஷன் மாதிரி இருந்தது.

மாமா உற்சாகமாகிவிட்டார். "கடைசியில இதுக ரெண்டுக்கும் ஒரு ரெட்டைக் கோடு போட்டுருங்கம்மா. தை பிறந்ததும் கலியாணம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். பென்சிலை எடுத்து, என் சதுரத்துக்கும் தங்கத்தின் வட்டத்துக்கும் நடுவே மெல்லியதாக ரெட்டைக் கோடு போட்டார். என்னைப் பார்த்து, "அப்பா வரலைன்னா பரவாயில்லை. நாளைக்கு உங்க கண்ணைச் சோதிச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

"என் கண்ணுக்கு என்ன? கழுகுக் கண்ணு" என்றேன்.

தங்கம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினேன். முறை மாப்பிள்ளை வாங்கிக் கொடுக்கலாம், யாரும் கேட்கமுடியாது. கடைக்காரர் அவள் கையை அமுக்கி ஏற்றும்போது மாமா கொத்தமல்லி விலை கேட்க நகர்ந்துவிட்டார். நல்ல மனிதர். வழியெல்லாம் அந்த வளையல் பேசிக்கொண்டே வந்தது. நாங்கள் இருவரும் பேசவில்லை.

திங்கட்கிழமை செம்பூர். ஓர் அறையில் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி. நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. எதிரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஒரு கண்ணைக் கட்டினார்கள். பொட்டையே பார்க்க வேண்டும், கண்ணை அசைக்கக்கூடாது. கறுப்புக் குச்சியின் நுனியில் ஒரு வெள்ளை மணி. அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக வரும். தெரிந்த உடனே "தெரியுது" என்று சொல்ல வேண்டும். குச்சியைப் பிடிக்கிறவள் தங்கம். நான் சொல்கிற இடத்தைத் தாளில் குறிக்கிறவர் டாக்டரம்மா.

பொட்டைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் இடது பக்கம் தூரத்தில் ஒரு கிணுகிணுப்பு. என் வளையல்!

"தெரியுது" என்றேன்.

வலது பக்கம் கிணுகிணுப்பு. "தெரியுது." மேலே. "தெரியுது." கீழே குனிந்தால் எல்லா வளையலும் மணிக்கட்டுக்குச் சரியும், அது இன்னும் வசதி. "தெரியுது, தெரியுது." வாழ்நாளில் நான் எழுதிய ஒரே பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தேன். தை மாதம் பந்தல், மேளம், எல்லாம் அந்தக் கறுப்புத் துணியில் எனக்குத் தெரிந்தன.

"ஆச்சரியமா இருக்கே" என்றார் டாக்டரம்மா. "ஓரம் வரைக்கும் சுத்தமா இருக்கு. தங்கம், நீ சொன்னதை வெச்சு நான் வேற மாதிரின்னா நினைச்சேன்."

பிறகு, மர மேசையில் கண்ணாடி வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. நான் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பக்கூடாதே. பன்னிரண்டு தடவை கேட்டது. கல்யாணம் ஆகாத பெண் கையை மூளியாக்கினால் எங்கள் வீட்டில் அத்தை அறைந்துவிடுவாள்.

"மறுபடி முதல்லேருந்து பண்ணுவோம் டாக்டரம்மா" என்றாள் தங்கம்.

இந்தத் தடவை அறையில் சத்தமே இல்லை. வெள்ளைப் பொட்டு இருந்தது, நான் இருந்தேன். அவள் எங்கேயோ ஓரத்தில் குச்சியோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒரு பொய் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். ஆறு வருடம் காத்திருந்தது ஒன்றுமேயில்லை என்று தோன்றும்படி காத்திருந்தேன். பொட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய தொட்டுக்கொண்டு, அந்த மணி வந்தது.

"தெரியுது" என்றேன்.

டாக்டரம்மா தாளைக் காட்டினார். பெரிய வட்டத்துக்கு நடுவில், எங்கள் கம்பெனி பாட்டில் வாய் அளவுக்கு ஓர் ஓட்டை. அதுதான் என் உலகம்.

"கோயில்ல நடை சாத்தறப்போ என்ன பண்ணுவா? முதல்ல வெளிப் பிராகாரத்து விளக்கை அணைப்பா. அப்புறம் உள் பிராகாரம். கடைசியிலதான் கர்ப்பக்கிரகம். கண்ணுக்குள்ள இருக்கற திரையிலயும் வெளிச்சம் பிடிக்கற அணுவெல்லாம் அப்படித்தான் ஓரத்துலேர்ந்து அணையறது" என்றார்.

"கர்ப்பக்கிரகம் எப்போ?"

"தெரியாது. சில பேருக்கு ரொம்ப நாள் நிக்கும்."

என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குஞ்சின் கண் துண்டு, வெள்ளி உப்பில் சாயம் ஏற்றியதாம். பகல் வெளிச்சத்தில், நேர் நடுவில் இருந்ததால் எனக்கு அருமையாகத் தெரிந்தது. மஞ்சள் வானத்தில் கறுப்பு இழைகள், எல்லாம் ஒரே பக்கமாகப் போயின. ஒவ்வொரு இழையின் நுனியிலும் சின்னக் கை மாதிரி ஒன்று, துழாவுகிற வாக்கில் விரிந்திருந்தது.

"கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு. இருட்டுல, யாரும் கையைப் பிடிச்சு அழைச்சிண்டு போகாம, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடறது. எப்படின்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனை முட்டை. அது தெரிஞ்சா அணைஞ்சதை மறுபடி முளைக்க வெக்கலாமான்னு ஒரு ஆசை. என் ஆயுசுல நடக்காது."

எனக்கு ஒரு குர்லா பாலத்துக்கே ஆள் வேண்டியிருக்கிறது. முட்டைக்குள் இருக்கிறதற்கு வேண்டியதில்லை.

அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எங்களுக்குப் பிள்ளை பிறந்தா?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்தக் குறை உங்ககிட்ட இருக்கு. தங்கத்துகிட்ட ஒளிஞ்சிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்க்க என்கிட்ட வழி இல்லை. ஒளிஞ்சிருந்தா, பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் சுண்டிப் போட்ட காசு மாதிரிதான்."

"பிள்ளை இல்லாம இருந்துட்டுப் போறது" என்றாள் தங்கம். ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "நான் எல்லாம் யோசிச்சுத்தான் உங்களை வரச் சொன்னேன் அத்தான். உங்க கண்ணு எப்படின்னு தெரிஞ்சிடணும், அவ்வளவுதான். மறைச்சிட்டு வரக்கூடாது. தெரிஞ்சு வந்தா வாங்க."

வா என்று அவள் சொல்லிவிட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? விழுந்து ஒரு குட்டிக்கரணம் போட்டிருக்க வேண்டும். எனக்கு அம்மா ஞாபகம் வந்தாள். தினமும் மூன்று வேளை அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "குழம்பு வலப்பக்கம் இருக்கு, அப்பளம் மேல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"ரப்பர் இருக்காம்மா?" என்றேன் டாக்டரம்மாவிடம்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தவன் நான். ரப்பர் பிடித்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா செம்பூருக்குக் கொண்டுவந்திருந்த வம்சத் தாளில், என் சதுரத்துக்கும் அவள் வட்டத்துக்கும் நடுவே இருந்த பென்சில் கோட்டை அழித்தேன். அழுத்தி அழித்ததில் தாள் நைந்துவிட்டது. மூவரும் அதையே பார்த்தோம்.

"அழிச்சாலும் தடம் இருக்கு அத்தான்" என்றாள் தங்கம்.

வீட்டில் மாமாவிடம் விளையாட்டாகவே சொன்னேன். "உங்க பொண்ணு ரொம்ப நெட்டை மாமா. பக்கத்துல நின்னா நான் பாட்டிலுக்கு மூடி மாதிரி இருக்கேன்."

மாமா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "முறையையா முறிக்கே? எங்க வீட்டுல என்ன குறை கண்டே?"

தங்கம்தான் உள்ளதைச் சொன்னாள், பாலத்திலிருந்து பாட்டில் வாய் வரைக்கும். மாமா ரொம்ப நேரம் என் கண்ணையே பார்த்தார். அத்தை எழுந்துபோய்ச் சோறு போட்டாள். தட்டை வைத்தவள், என்றும் இல்லாமல், தன் அண்ணனான என் அப்பாவுக்குச் சொல்கிறமாதிரி சொன்னாள்: "குழம்பு வலப்பக்கம் இருக்கு மருமவனே." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் பகல் வண்டி. தாதரில் மாமாவும் தங்கமும் ஏற்றிவிட வந்தார்கள். மாமா ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், குரல் மட்டும் வந்தது. தங்கம் அவரை நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, நான் எங்கே பார்ப்பேனோ சரியாக அங்கே வந்து நின்றாள். இனி எனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கையில் பச்சை வளையல் பன்னிரண்டும் திரும்ப ஏறியிருந்தன.

"டாக்டரம்மா அடுத்த வருஷமும் சோதிக்கணும்னாங்க" என்றாள்.

"முட்டைக் கூடையை என்கிட்ட கொடுக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு, வாரேன்."

சிரித்தாள். புருவத்துத் தழும்பு மேலே போய்க் கீழே வந்தது. வண்டி நகர்ந்தது. அவளும் ஜன்னலுக்கு நேராகவே நடந்து வந்தாள், பிறகு ஓடினாள். பிளாட்பாரக் கூட்டம் குறுக்கிட்டது. என் பாட்டில் வாயின் விளிம்புக்குப் போனாள், விளிம்பைத் தாண்டினாள். தலையைத் திருப்பியிருந்தால் இன்னொரு நொடி பார்த்திருக்கலாம். திருப்பவில்லை. பரீட்சையில் சொன்ன மாதிரி நேராகவே பார்த்தபடி இருந்தேன்.

இடது பக்கம், தூரத்தில், கையை உயர்த்தி ஆட்டுகிறாள் போலிருக்கிறது. ஒரு கிணுகிணுப்பு வந்தது.

"தெரியுது" என்றேன்.